மூன்று வருஷ சைக்காலஜியும் வாசல் போர்டும்

கேள்வி: தென் ஆப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அப்பா, 2024 ஜனவரி 20

மகளுக்கு மெட்ரிக் (பள்ளி இறுதிப் பரீட்சை) ரிசல்ட் வந்தாச்சு. நல்ல மார்க்தான், ஆனால் மெடிசினுக்கு எட்டவில்லை. சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்று வருஷம் படித்தால் போதும், வீட்டு முன்னறையிலேயே போர்டு மாட்டி உட்காரலாம், மணிக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், எனக்கு இது ஒன்றும் புரியாது. இந்த வழியில் போன அக்கா யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 20, மாலை

யார் அண்ணா அப்படிச் சொன்னது? மூன்று வருஷத்தோடு போர்டு மாட்டினால் வழக்குதான் வரும். சைக்காலஜிஸ்ட் என்ற பட்டத்தை இந்த நாட்டில் நினைத்தவர் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. 1974-ஆம் வருஷத்து 56-ஆம் எண் சட்டப்படி எச்.பி.சி.எஸ்.ஏ.வில், அதாவது மருத்துவத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில், பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் போட்டுக்கொள்வது குற்றம்.

முதலில் சைக்காலஜியை மேஜராக எடுத்து மூன்று வருஷ டிகிரி. அப்புறம் ஒரு வருஷம் ஹானர்ஸ். அதற்கு மேல் மாஸ்டர்ஸ், அதில் ஒரு வருஷம் வகுப்பு, கூடவே ஒரு குறு ஆய்வேடு. பிறகு பன்னிரண்டு மாதம் இன்டர்ன்ஷிப், கவுன்சில் வைக்கும் போர்டு பரீட்சை. மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கல் பிரிவு என்றால் இன்னும் ஒரு வருஷம் அரசாங்கம் அனுப்பும் ஊரில் கம்யூனிட்டி சர்வீஸ். அது 2003-இல் வந்த விதி. எங்கேயும் தடுக்கி விழாமல் போனாலே ஏழு வருஷம்.

கரண்ட் போகிற நேரமாகிவிட்டது. மீதி நாளைக்கு.

2024 ஜனவரி 21

ஏழு வருஷம் என்றதும் நிறைய பேர் "டாக்டருக்குப் படிக்கிற காலம்தானே, பரவாயில்லை" என்கிறார்கள். வருஷக் கணக்கு பெரிய விஷயமே இல்லை. மெடிசினில் நுழைவதுதான் கஷ்டம். உள்ளே போய் ஒழுங்காகப் படித்தால் மறுமுனையில் டாக்டராக வெளியே வரலாம். இங்கே தலைகீழ். முதல் வருஷ வகுப்பில் நூற்றுக்கணக்கில் உட்காருவார்கள், இடம் கிடைக்காமல் படிக்கட்டில் கூட உட்காருவார்கள். யாரும் தடுப்பதில்லை. நாலாவது வருஷம் முடிந்து மாஸ்டர்ஸ் வாசலுக்கு வரும்போதுதான் கதவு எவ்வளவு சின்னது என்று தெரியும். கிளினிக்கலுக்கு ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு எட்டு, பத்துப் பேரைத்தான் எடுக்கும். நாடு முழுவதிலிருந்தும் அந்த எட்டு, பத்து நாற்காலிக்கு விண்ணப்பம் குவியும்.

பல்கலைக்கழக ஓப்பன் டேயில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கலர் கலராக நோட்டீஸ் மட்டும் கொடுப்பார்கள்.

இன்னொன்று, பணம். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசாங்கப் படிப்புதவி நிதி உதவும், ஆனால் முதல் டிகிரிக்குத்தான். ஹானர்ஸ் வந்ததும் அந்தக் கை விலகிவிடும். இந்தப் படிப்புக்கு அது மோசமான இடம், ஏனென்றால் மூன்று வருஷ டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு எச்.பி.சி.எஸ்.ஏ.வில் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது.

2024 ஜனவரி 23

"யூனிசாவில் சேர்ந்தால் சுலபம்" என்று வெருலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே படிக்கிற பல்கலைக்கழகம் அது, சேருவது சுலபம்தான். முடிப்பதற்கு உங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு அறை வேண்டும், அந்த அறைக்குள் அத்தை வரக்கூடாது.

2024 பிப்ரவரி 4

நீங்கள் எந்த வழியில் போனீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அப்பா கோயில் நாகஸ்வர வேலைக்கு டர்பன் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். சாட்ஸ்வொர்த்தில்தான் வளர்ந்தேன். பி.ஏ.வும் ஹானர்ஸும் நல்லபடியாக முடிந்தது. கிளினிக்கல் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதே பெரிய விஷயம் என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. காலையில் எங்களை ஒரு அறையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒரு தாள் கொடுத்தார்கள். கிராமத்து கிளினிக், ஒரே ஒரு ஆள், வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், யாரை முதலில் பார்ப்பீர்கள், சேர்ந்து முடிவெடுங்கள். சுவரோரமாக மூன்று பேர் மடியில் நோட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் பேசினார், பேசினார், நிறுத்தவே இல்லை. எதிரே ஒரு பெண் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "அந்தக் குழந்தை யாரோடு வந்திருக்கிறது?" என்று கேட்டாள். தாளில் அது எழுதியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் மறுபடி தாளைப் பார்த்தோம்.

மத்தியானம் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். படிப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் கோபம் வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார், நாகஸ்வரச் சீவாளியை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார் என்றேன். சீவாளி என்றால் என்ன என்று கேட்டார்கள், விளக்கினேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், "அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நல்ல நல்ல பதிலாக வந்தது.

இடம் கிடைக்கவில்லை. அந்த வட்டத்திலிருந்து ஒரே ஒருவரை எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழந்தையைப் பற்றிக் கேட்டாளே, அவளைத்தான்.

அடுத்த வருஷமும் போட்டேன், நேர்முகம் வரைகூடப் போகவில்லை. அதற்கப்புறம் சைக்கோமெட்ரிஸ்ட், அதாவது சைக்காலஜி டெஸ்ட் வைப்பவர், அந்த வழியைப் பிடித்தேன். நாலு வருஷப் படிப்பு முறைப்படி அங்கீகாரமானதாக இருந்தால் ஆறு மாதப் பயிற்சி, 720 மணி நேரம், அப்புறம் போர்டு பரீட்சை. தேறினால் எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பெயர் ஏறும், சொந்தமாகவும் தொழில் பண்ணலாம். டெஸ்ட் வைக்கலாம், மதிப்பிடலாம், அறிக்கை எழுதலாம். வைத்தியம் பார்க்கக்கூடாது. பாதி நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதி நாள் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் டெஸ்ட். சோறு போடுகிறது. வேலையும் பிடித்திருக்கிறது.

2024 பிப்ரவரி 5

மாத்திரை எழுதித் தருவீர்களா என்று ஒரு பெரியம்மா கேட்டிருக்கிறார்கள். மாட்டோம் பெரியம்மா. நான் மட்டுமில்லை, இங்கே எந்த சைக்காலஜிஸ்ட்டும் மாத்திரை எழுத முடியாது. அதற்கு சைக்கியாட்ரிஸ்ட் இருக்கிறார். அவர் முதலில் முழு டாக்டர். ஆறு வருஷம் படித்து, இரண்டு வருஷம் இன்டர்ன், ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் எல்லாம் முடித்துத்தான் மனநலப் பக்கம் வருவார். தூக்க மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அவரிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

2024 பிப்ரவரி 18

பிள்ளைகள் இப்போதுதான் பாடம் பதிந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன். சைக்காலஜியோடு இரண்டாவது மேஜராக எதை எடுக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரத்தின் முக்கியமான முடிவு. பெரும்பாலான பிள்ளைகள் சிநேகிதி எதை எடுத்தாளோ அதை எடுக்கிறார்கள்.

மாஸ்டர்ஸ் கதவு திறக்காமல் போனால் டீச்சர் வேலை ஒரு நல்ல வழி. ஒரு வருஷ பி.ஜி.சி.இ. என்ற டீச்சர் பயிற்சி போதும். ஆனால் சைக்காலஜி பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமே கிடையாது. லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் நடத்தத்தான் அது கணக்கில் வரும். கூட இன்னொரு பள்ளிப் பாடம் வேண்டும். இங்கிலீஷோ ஜியாகிரஃபியோ எடுத்திருந்தால் ஆச்சு. சைக்காலஜியும் ஃபிலாசஃபியும் எடுத்துவிட்டு வந்த ஒரு பெண் என் எதிரில் அழுதிருக்கிறாள்.

ஜூலு. இதை நம் ஆட்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014-லிருந்து இளங்கலைப் பிள்ளைகள் ஜூலு ஒரு பாடமாவது படிக்க வேண்டும். அதைத் தண்டனை மாதிரி நினைத்து ஐம்பது மார்க் வாங்கி ஓடிவருகிறார்கள். இந்த மாகாணத்து அரசு ஆஸ்பத்திரியில் வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜூலுதான் தாய்மொழி. மனசு உடைந்து வந்தவரிடம் நர்ஸை மொழிபெயர்க்க வைத்துப் பேசுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என் ஜூலு சந்தை ஜூலு. நன்றாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் பொறாமைதான்.

புள்ளியியலுக்கு பயந்து ஓடுகிற கூட்டம் இரண்டாம் வருஷத்தில் வரும். "கணக்கு வராது என்றுதானே சைக்காலஜி எடுத்தேன்" என்பார்கள். ஹானர்ஸுக்கு எடுக்கும்போது அந்த ரிசர்ச் மெத்தட்ஸ் மார்க்கைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

2024 மார்ச் 24

"இதெல்லாம் வெள்ளைக்காரர் படிப்பு, நமக்கு எதற்கு" என்று ஒரு மாமா எழுதியிருக்கிறார். மாமா சொல்வதில் பாதி நிஜம், அதனால் கொஞ்சம் பழைய கதை.

வெர்வூர்ட் யார் தெரியுமல்லவா? 1958-லிருந்து 1966 வரை பிரதமர், நிறவெறி ஆட்சியைக் கட்டி எழுப்பியவர். அவர் படித்ததும் டாக்டர் பட்டம் வாங்கியதும் சைக்காலஜியில்தான். ஸ்டெல்லன்போஷில் பிரயோக உளவியல் பேராசிரியராகவே இருந்தார். ஆள் எடுக்கும் டெஸ்ட்டுகளும் இந்த நாட்டில் சுரங்கத்தில் வளர்ந்தவை. எந்தக் கறுப்புத் தொழிலாளியை எந்த வேலைக்கு இறக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் வரிசையில் நிறுத்திப் பிரித்தார்கள். நான் பார்க்கிற தொழிலுக்குத் தாத்தா அதுதான், மறைக்க என்ன இருக்கிறது. 1998-ஆம் வருஷத்து வேலைச் சமத்துவச் சட்டம், 8-ஆம் பிரிவு, நியாயமானது என்று காட்ட முடியாத எந்த சைக்காலஜி டெஸ்ட்டையும் வேலைக்கு எடுக்கும்போது வைக்கக்கூடாது என்று சொல்கிறது. சில மேனேஜர்களிடம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மீதிப் பாதி மாமாவுக்குத் தெரியாதது. 1962-இல் நாட்டின் சைக்காலஜி சங்கம் இரண்டாக உடைந்தது. ஒரு இந்தியப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்பதில்தான் தகராறு. பெயர் ஜோசஃபின் நாயுடு. சேர்த்துக்கொண்டதும் பிடிக்காதவர்கள் வெளியேறி வெள்ளையருக்கு மட்டும் என்று தனிச் சங்கம் வைத்தார்கள். அப்புறம் சபானி மங்கானி, இந்த நாட்டின் முதல் கறுப்பு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 1994-க்குப் பிறகு கல்வித்துறையின் டைரக்டர் ஜெனரல் ஆனார். ஆகவே "நமக்கு எதற்கு" என்பதை மாமா 1962-லேயே கேட்டிருக்க வேண்டும்.

2024 மார்ச் 25

மாமா கோபித்துக்கொண்டார். சால்ஸ்பரி தீவுக் கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவராம். 1961-இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துத் தீவில் கல்லூரி வைத்தார்களே, அது. அந்தப் படகுக் கதையை முழுசாக எழுதுங்கள் மாமா, சைக்காலஜி ஓரமாகக் கிடக்கட்டும்.

2024 மே 19

மாஸ்டர்ஸ் விண்ணப்பக் காலம் நெருங்குகிறது. ஹானர்ஸ் படிக்கிறவர்களுக்காக இது.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கடைசித் தேதி மாறும். சில இடங்களில் வருஷத்தின் நடுவிலேயே மூடிவிடுவார்கள், இன்னும் ஹானர்ஸே முடியவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மார்க் எல்லோரிடமும் இருக்கும். மனுஷர்களோடு உட்கார்ந்த அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லைஃப்லைன், சைல்ட்லைன் போன்ற உதவி மையங்களில் பயிற்சி கொடுத்து போனில் உட்கார வைப்பார்கள். இரவு ஷிஃப்ட், காசு கிடையாது. அதில் நிலைக்கிறீர்களா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் "சிறு வயதிலிருந்தே எல்லோரும் என்னிடம்தான் பிரச்சினையைச் சொல்வார்கள்" என்று எழுதாதீர்கள். அந்த வரியை அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

ஆய்வேட்டை இழுத்தடிக்காதீர்கள். மாஸ்டர்ஸ் வகுப்பு, இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்துவிட்டு ஆய்வேடு மட்டும் பாக்கி என்று நிற்பவர்களை எனக்குத் தெரியும். டிகிரி முழுசாக முடியாமல் பதிவு கிடையாது.

2024 ஜூலை 28

ஆடிக் கூழ் ஊற்றினார்கள் இன்றைக்கு. கூழ் வரிசையில் நிற்கும்போது ஒரு ஆன்ட்டி காதருகே வந்து, "என் பேரனை ஸ்கூலில் மந்தம் என்கிறார்கள், யாருக்கும் தெரியாமல் கூட்டி வரலாமா" என்றார்கள். வரலாம் என்றேன். நம் ஜனங்கள் கிட்டத்தட்ட எல்லோருமே இப்படித்தான் வருகிறார்கள், முன்வாசலைப் பயன்படுத்துவதில்லை.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்களே. கொஞ்ச நாள் முன்னால் ஒரு சின்னப் பையன் வந்தான், இந்த ஆன்ட்டி பேரன் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கும், அட்டையில் காட்டுகிற கோலத்தை அவற்றை வைத்து அமைக்க வேண்டும், நான் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்திருப்பேன். அவன் கட்டைகளை வரிசையாக வைத்து லாரி ஓட்டினான். மூன்றாவது அட்டையை எடுத்தபோது முகத்தை அட்டைக்கு மிக அருகே கொண்டுபோனான். மூக்கு படுகிற தூரம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன், ஒன்றுமில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு ரொட்டியும் ஜாமும் கொடுத்தேன். அன்றைக்கு டெஸ்ட் இல்லை. கண் டாக்டரிடம் அனுப்பினேன். கண்ணாடியோடு திரும்ப வந்தபோது கோலம் போட்டான், நடுநடுவே லாரியும் ஓட்டினான்.

அறிக்கையில் லாரியைப் பற்றி எழுத இடமில்லை.

2024 செப்டம்பர் 22

புரட்டாசி ஆரம்பித்துவிட்டது, வீட்டில் கறி கிடையாது, எல்லோரும் சாதுவாக இருக்கிறார்கள். இதை எழுத நல்ல சமயம்.

ஜனவரியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மறுபடி படித்துப் பார்த்தேன், ஒரு எழுத்தையும் மாற்றப்போவதில்லை. ஆனால் சேர்க்க வேண்டியது உண்டு. நாலு வருஷத்தோடு பதிவு பெறும் இன்னொரு வழியும் இருக்கிறது, ரெஜிஸ்டர்டு கவுன்சலர். நாலு வருஷ பி.சைக் சைக்காலஜி டிகிரி முடித்து, பயிற்சி, பரீட்சை. முதல்நிலை உதவி, ஊருக்குள்ளேயே, பள்ளியில், கிளினிக்கில் என்று நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்த பிரிவு. ஆளை உருவாக்கினார்கள், அரசாங்கத்தில் அந்தப் பெயரில் போதுமான வேலையை உருவாக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். 2016-இல் கவுடெங் மாகாணத்தில் மனநோயாளிகளை லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பகத்திலிருந்து கிளப்பி, தகுதியே இல்லாத இடங்களில் கொண்டுபோய்ப் போட்டு 144 பேர் செத்தார்கள். ஆள் தேவையில்லாத நாடா இது? தேவை மலைபோல் இருக்கிறது. சம்பளம் போட்டு உட்கார வைக்கிற நாற்காலிதான் இல்லை.

ஆகவே பிள்ளையிடம் "படிக்காதே" என்று சொல்லாதீர்கள். மாஸ்டர்ஸ் கிடைக்காத வருஷம் வந்தால் அந்த வருஷம் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதில் இருக்கிறதா, சேரட்டும். எனக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்மா மாவிளக்குதான் போட்டாள்.

2024 செப்டம்பர் 23

"லைஃப் கோச்" ஆகிவிடலாமே என்கிறார் ஒருவர். ஆகலாம். அதற்கு எந்த கவுன்சிலிலும் பதிவு தேவையில்லை, அதுதான் அதன் பிரச்சினையும்.

2024 அக்டோபர் 13

ஃபீனிக்ஸ் அண்ணா திரும்ப வந்திருக்கிறார். மகள் ஜூன் பரீட்சையில் தேறிவிட்டாளாம், ஜூலுவில்தான் அதிக மார்க்காம். சபாஷ். ஆனால் இப்போது அவளுக்கே சந்தேகம். ஆக்குபேஷனல் தெரபிக்கு (ஓ.டி.) மாறிவிடட்டுமா என்று கேட்கிறாள்.

அண்ணா, இது நல்ல கேள்வி. ஓ.டி. நாலு வருஷம், வெஸ்ட்வில் வளாகத்தில். அதன் பிறகு ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ், அதோடு முழுத் தகுதி. நடுவில் மாஸ்டர்ஸ் என்ற இடுக்குக் கதவு இல்லை. மனநல வார்டிலும் அவர்களுக்கு வேலை உண்டு. பேச்சு நடத்துவதை விட கையை வைத்து ஒன்றைச் செய்ய வைப்பதுதான் அவர்கள் தொழில். இடம் குறைவு, உயிரியல் மார்க் கேட்பார்கள், முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். சோஷியல் வொர்க்கும் நாலு வருஷத்தில் பதிவு கிடைக்கிற படிப்புதான், ஆனால் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் அதில் நிறைய.

மாறுவதற்கு முன் ஒரு நாள் ஒரு ஓ.டி. கூடவே நின்று பார்க்கச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டால் பல சமயம் விடுவார்கள். அப்படிப் பார்த்தும் சைக்காலஜியே வேண்டும் என்றால் இரண்டாவது மேஜர் என்ன எடுத்திருக்கிறாள் என்று எழுதுங்கள். ஃபிலாசஃபி என்றால் இந்த வாரமே எனக்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.